கப்பல்துறைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும்

திருகோணமலைப் பக்கம் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால், ஒரு கிழமைக்குள் யாராவது வந்து சொல்வார்கள்: "கப்பல்துறைக்குக் கொண்டு போங்கோ. அங்க எண்ணெய் பூசி, பிடிச்சு, நடக்கப் பண்ணி விடுவினம்." கடைக்காரர் சொல்வார். பக்கத்து வீட்டு அக்கா சொல்வார். கோயிலில் காணும் ஒருவர், தன் மச்சான் அங்கே தூக்கிக்கொண்டு போகப்பட்டு நடந்து திரும்பி வந்த கதையைச் சொல்வார்.

சொல்கிறவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கப்பல்துறையில் இருக்கும் அரச ஆயுர்வேத வைத்தியசாலைக்கு ஒரு பக்கம் இழுத்துப்போட்ட நிலையில் போய், தேறி வந்தவர்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் பெரியப்பாவும் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றவர்தான். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, பாலையூற்றில் தோட்டமும் பேரப்பிள்ளைகளுமாக இருந்தவருக்கு ஒரு நாள் விடியற்காலையில் இடது பக்கம் விழுந்துவிட்டது. அவரோடு அலைந்த காலத்தில் வைத்தியர்களிடமும் தாதிமாரிடமும் இயன்மருத்துவர்களிடமும் கேட்டுக் கேட்டு, பிறகு தேடித் தேடி வாசித்துத் தெரிந்துகொண்டது நிறைய. இப்போது உறவிலோ நட்பிலோ யாருக்காவது வந்தால் எனக்குத்தான் அழைப்பு வருகிறது. "இனி என்ன செய்யிறது? நல்லா வந்திடுவாரா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் வைத்தியர் சொல்வதற்கு மேலாக இதை வைக்க வேண்டாம்.

சுருக்கம் வேண்டுமானவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாரிசவாதம் வந்தவரைத் தேற்றுவது அவருக்கு மற்றவர்கள் செய்துவிடும் வேலை அல்ல. அவர் தானே, திரும்பத் திரும்ப, ஒரு நாளில் எத்தனையோ தரம் செய்யும் வேலை. நாங்கள் பாசத்தால் அந்த வேலையை அவர் கையிலிருந்து பறித்துவிடுகிறோம்.

முதலில் 1990 அம்புலன்ஸ்

கப்பல்துறை முதலில் போகும் இடம் அல்ல. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

தமிழ்நாட்டில் பக்கவாதம் என்று சொல்லும் இந்த வருத்தம் இரண்டு வழியில் வரும். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி வந்து அடைப்பது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றது. உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு வருவது அடைப்பு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்: வாய் ஒரு பக்கம் கோணும், கை தூக்கினால் விழும், பேச்சு குழறும். ஸ்கேன் எடுத்தால்தான் எது என்று தெரியும். அடைப்பாக இருந்தால் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றலாம். ஆனால் அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்ற வேண்டும். கசிவுக்கு அதே மருந்து எமனாகிவிடும். அதனால்தான் வீட்டில் அஸ்பிரின் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது.

அடைபட்ட ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் வைத்தியர் ஜெஃப்ரி சேவர் 2006-ல் கணக்கிட்டுச் சொன்னார். இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு "கொஞ்ச நேரம் படுத்து எழும்பினால் சரியாகும்" என்று யாருக்கும் சொல்ல வாய் வராது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தூரத்தின் விலை நன்றாகத் தெரியும். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும், வருத்தக்காரரை வைத்துக்கொண்டு படகுப் பாதைக்குக் காத்து நின்ற ஊர் அது. இன்று பாலம் இருக்கிறது. 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசு வாங்காமல் வந்து ஏற்றுகிறது. ஆனாலும் நேரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அது போவது வீட்டு விறாந்தையில். "வாதம்தானே, விடியட்டும், பரியாரியாரைக் கூப்பிடுவம்" என்று இருப்பதில் போகிறது. எண்ணெய்க்கும் கசாயத்துக்கும் பிறகு நாள் இருக்கிறது. அந்த நாலரை மணித்தியாலம் திரும்பி வராது.

அறிகுறி எப்போது தொடங்கியது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்து வையுங்கள். வைத்தியசாலையில் முதலில் கேட்பது அதுதான். விடிய எழும்பும்போதே இப்படி இருந்தால், கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. மறுநாளே எழுப்பி நடத்திவிட வேண்டும் என்று அவசரப்படவும் வேண்டாம். 2015-ல் வெளிவந்த 'அவேர்ட்' என்ற பெரிய ஆய்வில், முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே கடுமையாக எழுப்பி நடமாட வைத்தவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி என்பதே நல்லது. எப்போது தொடங்குவது என்பதை வாட்டில் உள்ளவர்கள் சொல்லட்டும்.

மூளைக்குள் நடப்பது

செத்த கலங்கள் மீண்டு வருவதில்லை. பிறகு எப்படித் தேறுகிறார்கள்?

முதல் சில நாட்களிலும் கிழமைகளிலும், சாகாமல் மயங்கிக் கிடந்த பகுதிகள் வீக்கம் வற்றி விழித்துக்கொள்கின்றன. அது இயற்கை தருவது. அதற்கு மேல் வருவது பழக்கத்தால் வருவது. வெள்ளத்தில் வீதி அறுந்துபோனால் சனங்கள் வயல் வரம்பாலும் பற்றைக்குள்ளாலும் நடந்து நடந்து புதுப் பாதை ஒன்றைப் போட்டுவிடுவார்கள். ஆள் நடமாட்டம் கூடக் கூடப் பாதை தெளியும். நடக்காமல் விட்டால் புல் மூடும். மூளையும் இப்படித்தான் மிஞ்சியிருக்கும் நரம்புகளை வைத்துப் புது வழி போடுகிறது. முதல் மூன்று மாதத்தில் இந்த வேலை வேகமாக நடக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு மெதுவாகும். ஆனால் நின்றுவிடுவதில்லை. குறிப்பாகப் பேச்சு, வருடக்கணக்காகத் திருந்திக்கொண்டே வரும். "ஆறு மாசம் முடிஞ்சுது, இனி இவ்வளவுதான்" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் எத்தனை தரம் நடந்தால் பாதை விழும்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் விலங்குகளின் மூளை மாற, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தரம் ஒரே செயலைச் செய்ய வேண்டியிருக்கிறது. 2009-ல் கத்தரின் லாங் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவிலும் கனடாவிலும் பயிற்சி வகுப்புகளில் போயிருந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு வகுப்பில் கைக்குப் பயன்படும் அசைவு சராசரியாக 32 தரம்தான் நடந்தது. வசதியுள்ள நாட்டிலேயே அவ்வளவுதான். அப்படியானால் மிகுதி எங்கே நடக்க வேண்டும்? வீட்டில், குசினியில், கிணற்றடியில், விறாந்தையில்.

கப்பல்துறையில்

பெயரில் ஆயுர்வேதம் இருந்தாலும் அங்கே நடப்பது சித்த மருத்துவம். அது வாத நோய்களை எண்பது என்று வகுத்திருக்கிறது. பக்கவாதம் அதில் ஒன்று. எண்ணெய் பூசிப் பிடித்துவிடும் தொக்கணம், ஒற்றடம், ஆவி பிடிக்கும் வேது, உள்ளுக்குக் கசாயம், சூரணம் என்று சிகிச்சை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறார்கள். இந்த வைத்தியம் எங்கள் மாவட்டத்தில் பாட்டி வைத்தியமாக மட்டும் இல்லை, பட்டப் படிப்பாகவும் இருக்கிறது.

தொக்கணம் செத்த மூளைக் கலத்தை எழுப்பாது. ஆனால் இறுகிப்போன தசையை இளக்குகிறது, நோவைக் குறைக்கிறது, மரத்துக் கிடந்த கையை மறுபடி தன்னுடைய கையாக உணர வைக்கிறது. பெரியப்பா சொன்னது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது: "பிள்ளை, இந்தக் கை ஆரோ ஒருத்தற்ற கை மாதிரி கிடந்தது. எண்ணெய் போட்டுப் பிடிக்கேக்கதான் இது என்ரையெண்டு தெரிஞ்சுது."

அதைவிடப் பெரிய பலன் ஒன்றையும் கண்டேன். அங்கே தங்கியிருப்பவர்கள் தங்களைப் போன்றவர்களோடு இருக்கிறார்கள். வீட்டில் அவர் ஒருவர்தான் வருத்தக்காரர். அங்கே எல்லாருக்கும் ஏதோ ஒரு பக்கம் விழுந்திருக்கிறது. போன கிழமை வந்தவர் இந்தக் கிழமை சுவரைப் பிடித்து நடப்பதைப் பக்கத்துக் கட்டிலில் இருந்து பார்க்கலாம். "நீங்க எப்பிடி அண்ணை, குந்தி எழும்பினீங்க?" என்று கேட்கலாம். எழும்பி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சிகிச்சை நடக்கும் இடத்துக்குத் தானே போக வேண்டும். வீட்டில் மற்றவர்கள் செய்துவிடும் காரியங்களை அங்கே தாங்களே செய்துகொள்கிறார்கள். தேறி வருவதில் இதற்கும் பெரிய பங்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சில விஷயங்களில் மட்டும் கவனம் வேண்டும். விழுந்த காலின் ஆடுசதை வீங்கி, சூடாகி, நோவெடுத்தால் அதைப் பிடிக்கவே கூடாது. நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அழுத்தினால் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிடும். உடனே வைத்தியருக்குக் காட்டுங்கள். அடுத்தது சூடு. உணர்ச்சி குறைந்த பக்கத்தில் ஒற்றடம் சுட்டாலும் அவருக்குத் தெரியாது, கொப்புளித்த பிறகுதான் நாங்கள் காண்போம். கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வார்க்கப் போனாலும் சரிதான், நல்ல பக்கத்துக் கையில் ஊற்றிச் சூடு பார்த்த பிறகு மற்றப் பக்கம் ஊற்றுங்கள். மூன்றாவது, ஒளிப்பு மறைப்பு. கிளினிக்கில் நாட்டு மருந்து குடிப்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். கப்பல்துறையில் இங்கிலிஷ் மருந்து குடிப்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் குளிசைகளோடு சில மூலிகைகள் ஒத்துவராது. இரண்டு வைத்தியருக்கும் இரண்டையும் காட்டுங்கள். எண்ணெய் தொடங்கியாயிற்று என்று பிறசர் குளிசையை நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பெரியப்பாவை ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது தெருவே கூடிவிட்டது. எல்லாரும் உதவ வந்தவர்கள். ஒருவர் அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பப் பார்த்தார். உள்ளே இருந்த பெரியப்பா முகம் சுளித்துக் கத்தினார். வாட்டில் இயன்மருத்துவர் எங்களுக்கு முதலாவதாகச் சொல்லித் தந்ததே அதுதான்: விழுந்த கையை ஒருபோதும் பிடித்து இழுக்கக் கூடாது, கமுக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்கக் கூடாது. தோள் மூட்டைத் தாங்கிப் பிடிப்பது தசைதான். தசை சோர்ந்துவிட்டால் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுத்துவிடும். நாங்களும் இழுத்தால் சொல்லத் தேவையில்லை. பிறகு வரும் தோள் நோவு மாதக்கணக்கில் நின்று, பயிற்சியையே செய்ய விடாது. இருக்கும்போது கைக்குக் கீழே தலையணை வையுங்கள். எழுப்பும்போது இடுப்பைச் சுற்றிப் பிடியுங்கள், அல்லது அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டி அதைப் பிடியுங்கள். தொக்கணத்தில் இழுத்தல் என்றும் ஒரு வகை உண்டு. அது தெரிந்த வைத்தியர் செய்யட்டும், வீட்டில் வேண்டாம்.

அடுத்து, சாப்பாட்டுத் தட்டு. ஒரு நாள் காலை பெரியம்மா பிட்டும் சம்பலும் மீன் குழம்பும் போட்டுக் கொடுத்தார். பெரியப்பா சாப்பிட்டு முடித்துவிட்டு, "ஏன் இண்டைக்கு மீன் வைக்கேல்ல?" என்று கேட்டார். தட்டைப் பார்த்தால் வலது பாதி துடைத்தது போல வெறுமையாக இருக்கிறது, இடது பாதியில் பிட்டும் மீனும் அப்படியே கிடக்கிறது. பெரியம்மா பயந்துபோய்விட்டார், மூளை குழம்பிவிட்டது என்று. மூளையின் வலது பக்கம் பழுதான சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்தில் விழாமல் போய்விடும். கண் நன்றாகத் தெரியும், ஆனால் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. கதவில் இடது தோள் இடிபடும், முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சவரம் நடக்கும். வைத்தியசாலையில் சொன்ன வழி எளிது. தட்டைச் சுற்றிவிடாமல், "இடப் பக்கம் பாருங்கோ" என்று ஒவ்வொரு தரமும் நினைவுபடுத்த வேண்டும். கதைக்கப் போகிறவர் இடது பக்கமாகக் கதிரை போட்டு இருக்க வேண்டும். றேடியோவையும் அந்தப் பக்கம் வைக்க வேண்டும். பேரப்பிள்ளை அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் தலை தானாகத் திரும்பும். கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் அவருடைய கவனத்துக்குள் திரும்பி வந்தது.

மூன்றாவது, நல்ல கை. ஒரு கை விழுந்தால் மற்றக் கை எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும். அது கெட்டித்தனம் போலத் தெரியும், ஆனால் விழுந்த கை ஒன்றும் செய்யாமலே பழகிவிடும். எட்வர்ட் டோப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கண்டுதான் நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டிவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2006-ல் வந்த 'எக்சைட்' ஆய்வில் 222 பேரைச் சேர்த்தார்கள். அதில் பாதிப் பேருக்கு விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நல்ல கையைக் கட்டிவைத்து, இரண்டு கிழமை கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். கை திருந்தியது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் திருத்தம் நின்றது. விரலும் மணிக்கட்டும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்கே இது பொருந்தும், பயிற்சியாளர் பார்த்துச் சொன்ன பிறகே செய்ய வேண்டும். ஆனால் அதன் சாரத்தை எந்த வீட்டிலும் பின்பற்றலாம்: விழுந்த கைக்கும் ஒரு வேலை கொடுங்கள். தேங்காய் துருவும்போது பாத்திரத்தைப் பிடிக்கட்டும். பேப்பரை மேசையில் அமத்தி வைத்திருக்கட்டும். வெங்காயம் உரிக்கும்போது அது உருளாமல் பிடிக்கட்டும்.

ரப்பர் பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு பந்தை வாங்கி வந்து "அமத்துங்கோ, அமத்துங்கோ" என்பார்கள். கை துவண்டு கிடக்கும்போது சரி. ஆனால் பலருக்குக் கொஞ்ச நாளில் விரல்கள் உள்ளே மடங்கி இறுகத் தொடங்கும். ஏற்கெனவே மூடிக்கொள்ளும் கைக்கு மூடப் பழக்குவதில் பயன் இல்லை. திறக்கத்தான் பழக்க வேண்டும். ரம்ளரை விட்டுவிடுவது, மேசையில் விரலை விரித்து ஊன்றி நிற்பது, துணி காயப்போடும் கிளிப்பைத் திறப்பது இவை உதவும். உங்கள் ஆளுக்கு எது பொருந்தும் என்று ஒருமுறை இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

செலவே இல்லாத இன்னொரு வழி கண்ணாடி. இரண்டு கைக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையை அசைத்து அதன் விம்பத்தைப் பார்க்க வேண்டும். விழுந்த கை அசைவது போலத் தெரியும், மூளை அதை ஏற்றுக்கொண்டு வேலை செய்யத் தொடங்கும். இதற்கு வழி காட்டியவர் சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். இராமச்சந்திரன். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வரும் நோவைத் தணிக்க அவர் கண்ணாடிப் பெட்டி செய்தார். 1999-ல் அவரும் கூட்டாளிகளும் அதைப் பாரிசவாதம் வந்தவர்களிடம் முயன்று பார்த்து எழுதினார்கள். பிறகு வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், கை அசைவுக்கு அது ஓரளவு பலன் தருவது உறுதியாகியிருக்கிறது. அலுமாரிக் கண்ணாடி ஒன்று போதும்.

விழுங்குவதும் பேசுவதும்

வருத்தம் வந்தவர் வாய் காய்ந்து கேட்டாலும், விழுங்கும் சோதனை செய்யும் முன் ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம். தொண்டைத் தசை சோர்ந்திருந்தால் தண்ணீர் சுவாசப் பைக்குள் போய்ச் சளிக் காய்ச்சல் வரும். முதல் கிழமைகளில் உயிரைக் குடிப்பதில் இதுவும் ஒன்று. பிறகும், நிமிர்ந்து இருந்து, சிறு சிறு வாயாக, அவர்கள் சொன்ன பதத்தில் கொடுக்க வேண்டும். படுக்கவைத்துப் பருக்கவே கூடாது.

மூளையின் இடது பக்கம் அடைபட்டவர்களுக்குப் பேச்சுப் போய்விடுவது உண்டு. பெரியப்பாவோடு வாட்டில் இருந்த ஒரு ஐயாவுக்கு மனைவியின் பெயரே வராது. ஆனால் கோணேசர் தேவாரத்தை மகள் தொடங்கினால் வரிக்கு வரி கூடப் பாடுவார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா எங்களை ஏமாத்திறாரோ" என்று கேட்டார். ஏமாற்றம் ஒன்றும் இல்லை. பேச்சும் பாட்டும் மூளையில் ஒரே வழியில் போவதில்லை. பழகிய பாட்டும் செபமும் திட்டும் பலருக்கு மிஞ்சி நிற்கும். அந்த இசையைப் பிடித்துக்கொண்டே பேச்சைக் கொண்டுவரும் பயிற்சி 1970-களிலேயே உருவாகிவிட்டது.

பேச்சுப் போனவருக்கு அறிவு போகவில்லை. அவர் முன்னால் அவரைப் பற்றிப் படர்க்கையில் கதைக்காதீர்கள். ஒரு கேள்வி கேட்டால் பொறுத்திருங்கள், சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். நாவலப்பிட்டியில் பிறந்த எம். ஜி. ஆருக்கு 1984 ஒக்டோபரில் சிறுநீரகம் பழுதானதோடு பாரிசவாதமும் வந்தது. நியூயோர்க்கின் புரூக்ளினில் வைத்தியம் நடக்கும்போதே தமிழ்நாட்டில் ஆண்டிப்பட்டித் தொகுதியில் தேர்தலில் வென்றார். 1985 பெப்ரவரியில் திரும்பி வந்து மறுபடி முதலமைச்சரானார். அந்தப் பழைய பேச்சு முழுதாக வரவேயில்லை. ஆனாலும் 1987-ல் இறக்கும் வரை அவர் பதவியில் இருந்தார். சுவீடன் கவிஞர் தோமஸ் திரான்ஸ்திரோமருக்கு 1990-ல் பேச்சும் வலது கையும் போயின. இடது கையால் மட்டும் பியானோ வாசித்தார், கவிதையும் எழுதினார். 2011-ல் நோபல் பரிசு வந்தது. பழையபடி ஆகாமலும் ஒருவர் முழு மனிதராக வாழலாம்.

மனசு

மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சிக்கு வர மறுப்பார், சாப்பாடு வேண்டாம் என்பார், "என்னைச் சும்மா விடுங்கோ" என்பார். நாங்கள் அதைப் பிடிவாதம் என்று நினைத்து ஏசுகிறோம். அது மூளை அடிபட்டதால் வரும் வருத்தத்தின் ஒரு பகுதி. அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். காரணம் இல்லாமல் அழுவதும் சிரிப்பதும்கூட இதனால் வரலாம். களைப்பும் உண்மையானது, மத்தியானம் படுக்க விடுங்கள்.

பார்த்துக்கொள்கிறவரையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவி, அல்லது மகள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் புரட்டிப் படுக்கவைத்து, இரவில் நித்திரையில்லாமல், தன் பிறசர் குளிசையைத் தானே மறந்துவிடுகிறவர்கள் அவர்கள். ஒரு பின்னேரம் நீங்கள் போய் இருந்து அவரை வெளியே அனுப்புங்கள். பழங்களும் ஹோர்லிக்ஸும் கொண்டுபோவதைவிட அது பெரிய உதவி.

வீட்டார் மட்டும் போதுமா

போதாது. இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லுதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் முதலானோர் இந்தியாவில் 14 வைத்தியசாலைகளில் 1250 பேரை வைத்துச் செய்த 'அட்டெண்ட்' ஆய்வு 2017-ல் வந்தது. பாதிப் பேரின் வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே செய்ய வைத்தார்கள். ஆறு மாதத்தின் பின் பார்த்தால் இரு பக்கமும் ஒரே கணக்கு: இறந்தவர்களும் பிறரை நம்பியே இருந்தவர்களும் இரு பக்கத்திலும் 47 வீதம். கொஞ்சம் சொல்லிக் கொடுத்து முழுப் பொறுப்பையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டால் பலன் இல்லை என்றுதான் இதை நான் வாசிக்கிறேன். வீட்டார் செய்ய வேண்டும். தெரிந்தவர் ஒருவர் அடிக்கடி வந்து பார்த்துத் திருத்த வேண்டும். இரண்டும் சேர வேண்டும்.

ராகமவில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, கண்டிப் பக்கம் திகனவில் இருக்கிறது. மூதூரிலும் வெருகலிலும் இருந்து யார் அங்கே போய்ப் படுத்திருக்க முடியும்? எங்கள் மாவட்டத்துக்குத் தேவை, ஊருக்கு ஊர் சுற்றி வரும் இயன்மருத்துவர்கள். கப்பல்துறையின் சித்த வைத்தியரும் பெரிய வைத்தியசாலையின் இயன்மருத்துவரும் ஒரே வருத்தக்காரரின் ஒரே கொப்பியில் எழுதும் நாள் வர வேண்டும். இரண்டுமே அரசாங்க வைத்தியசாலை, இரண்டுமே இலவசம். குறுக்கே நிற்பது பழக்கம் மட்டும்தான்.

இரண்டாவது வராமல்

ஒரு தரம் வந்தவருக்கு மறுபடி வரும் ஆபத்து அதிகம். இரண்டாவது பெரும்பாலும் முதலாவதைவிடக் கொடுமை. 2016-ல் 32 நாடுகளில் செய்த 'இன்ரர்ஸ்ரோக்' ஆய்வு, பத்துக் காரணங்களே பாரிசவாதத்தில் பத்தில் ஒன்பது பங்குக்குப் பொறுப்பு என்று காட்டியது. முதலிடம் பிறசருக்கு. பெரியப்பாவும் "நல்லாத்தானே இருக்கிறன்" என்று குளிசையை விட்டவர்தான். நல்லாக இருந்தது அந்தக் குளிசையால். கொழுப்புக் குளிசை, அஸ்பிரின், சீனி வருத்தத்துக்கான மருந்து எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். நாடித் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளில் 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி அளவு உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு இல்லாத திருகோணமலைச் சாப்பாட்டை நினைக்கவே கஷ்டம்தான், ஆனாலும் அதை எப்போதாவது ஒரு நாள் என்று ஆக்குங்கள். வீட்டில் மற்றவர்களும் சுகவாழ்வு நிலையத்துக்குப் போய்ப் பிறசரையும் சீனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். காசு இல்லை.

பெரியப்பா இப்போது பொல்லுடன் நடக்கிறார். இடது கை முழுதாக வரவில்லை, ஆனால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கிறது. சட்டைப் பொத்தான் போட அவருக்கு நிறைய நேரம் எடுக்கும். முன்பெல்லாம் பெரியம்மா ஓடிவந்து போட்டுவிடுவார். இப்போது கதவடியில் நின்று பார்க்கிறார், அவர் கேட்டால் மட்டும் கிட்டப் போகிறார். அப்படி நிற்பதுதான் கஷ்டம் என்று அவரே சொல்கிறார்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி இருந்தால், நாளைக் காலை ஒரே ஒரு வேலையை அவருக்கே விட்டுவிடுங்கள். பல்லுத் தீட்டுவதோ, பொத்தான் போடுவதோ, தட்டைக் கழுவி வைப்பதோ, எதுவானாலும் சரி. விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நேரம் கொடுங்கள், கையை மட்டும் நீட்டாதீர்கள். அடுத்த கிழமை இன்னொரு வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கப்பல்துறை எண்ணெய் கையை இளக்கித் தரும், கிளினிக் குளிசை அடுத்த அடைப்பைத் தடுக்கும். அந்தக் கையை மறுபடி வேலைக்குப் பழக்க அவரால் மட்டுமே முடியும், அதற்கு நீங்கள் இடம் விட வேண்டும்.